கூடத்தில் கம்பியில்லா மெய்நிகர் விளையாட்டு: லினக்ஸ் கணினி வைத்திருப்போருக்கு

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இணையம் பெரும்பாலும் திண்ணையை ஒட்டிய அறையோடு நின்றுவிடும். கேபிள் இழுக்க வருபவர் முதலில் கண்ணில் பட்ட சுவரில் ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து ரேழி, கூடம், முற்றம் என்று உள்ளே போகப் போக, ஒன்றரை அடிச் செங்கல் சுவர்கள் வைஃபை அலையைத் தின்றுவிடும். படம் பார்ப்பவருக்கு இது பெரிய குறையில்லை. லினக்ஸ் கணினியில் ஓடும் மெய்நிகர் (விஆர்) விளையாட்டைக் கம்பியில்லாமல், கண்ணை மூடித் தலையில் மாட்டும் திரைக் கருவியான ஹெட்செட்டுக்கு அனுப்ப நினைப்பவரோ, மென்பொருளைத் தொடுவதற்கு முன்பே இதைத் தீர்த்தாக வேண்டும்.

காணொளி சில விநாடிக் காட்சிகளை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்வதால் அலை விட்டுவிட்டு வந்தாலும் சமாளித்துவிடுகிறது. மெய்நிகர் விளையாட்டில் அப்படிச் சேமிக்க எதுவுமில்லை. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த காட்சியே உருவாகிறது. விநாடிக்கு 90 காட்சிகள் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 11 மில்லி விநாடி. இணையத் திட்டத்தை 300 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்த்தினால் சரியாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. கணினியிலிருந்து ரவுட்டருக்கும் அங்கிருந்து ஹெட்செட்டுக்கும் போகும் இந்தத் தரவு வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை.

ஆகவே, விளையாடும் அறையிலேயே 5 கிகாஹெர்ட்ஸ் வசதியுள்ள இன்னொரு ரவுட்டரை வைத்து, கணினியை அதனுடன் ஈதர்நெட் கேபிளால் இணையுங்கள். ரவுட்டர் அமைப்பில் சேனலை 36 முதல் 48 வரையுள்ள ஒன்றாகவும், அகலத்தை 80 மெகாஹெர்ட்ஸாகவும் நிலைப்படுத்திவிடுவது நல்லது. 52-இல் தொடங்கும் பல சேனல்களில், ராடார் அலை இருப்பதாகச் சந்தேகம் எழுந்தாலே ரவுட்டர் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும் என்பது விதி; ஆட்டத்தின் நடுவே இணைப்பு அறுபட அது ஒன்றே போதும். கேபிளையும் நம்பிவிட வேண்டாம். எங்கள் வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆட்டம் ஒரு தை மாதத்தில் திடீரென்று சதுரம் சதுரமாக உடையத் தொடங்கியபோது, இரண்டு நாள் டிரைவரையே குடைந்துகொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், உத்தரத்தின் மேல் போட்டிருந்த கேபிளில் ஒரு ஜோடிக் கம்பியை எலி கடித்திருந்தது. நான்கு ஜோடியும் முழுதாக இருந்தால்தான் 1 கிகாபிட் வேகம் கிடைக்கும். ஒன்று போனாலும் இணைப்பு அறுபடாமல் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடக்கூடும். லினக்ஸில் ஈத்டூல் (ethtool) என்ற கட்டளை அந்த வேகத்தை ஒரே வரியில் சொல்லிவிடும்.

மென்பொருளில் இரண்டு வழிகள் உள்ளன. ஏஎல்விஆர் (ALVR) என்ற மென்பொருளைப் பழகியவர்கள் பலர்; ஆனால் அது ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் மெய்நிகர் மென்பொருளான ஸ்டீம்விஆரைச் சார்ந்தே இயங்குகிறது, லினக்ஸில் ஸ்டீம்விஆர் அவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்வதில்லை. மொனாடோ என்ற திறமூல மெய்நிகர் மென்பொருளை அடித்தளமாகக் கொண்ட வைவர்னையே (WiVRn) நான் பரிந்துரைப்பேன். லினக்ஸ் மென்பொருள்கள் ஃப்ளாட்பேக் பொதிகளாகக் கிடைக்கும் ஃப்ளாட்ஹப் தளத்திலிருந்து அதன் சர்வரைக் கணினியிலும், அதற்கு இசைந்த பதிப்புள்ள செயலியை ஹெட்செட்டிலும் நிறுவுங்கள். இரண்டின் பதிப்பும் ஒத்துப்போகாவிட்டால் இணைப்பு கிடைக்காது.

இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ள, வீட்டு வலையிலுள்ள கருவிகளைத் தேடித் தரும் அவாஹி (Avahi) சேவை கணினியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளித் தொடர்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலில் அவாஹிக்காக யுடிபி 5353 போர்ட்டையும், வைவர்னுக்காக 9757 போர்ட்டை டிசிபி, யுடிபி இரண்டிலும் திறந்துவிடுங்கள். அப்படியும் ஹெட்செட்டில் கணினியின் பெயர் தெரியவில்லையென்றால், ஹெட்செட் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலுள்ள கருவிகளை மற்றக் கருவிகளோடு பேசவிடாமல் ரவுட்டர்கள் பிரித்துவைப்பது வழக்கம்.

ஸ்டீம் விளையாட்டுகள் தனிப் பெட்டகத்துக்குள் இயங்குவதால், வைவர்ன் இருப்பதே அவற்றுக்குத் தெரியாது. அதைத் தெரிவிக்கும் வரியை வைவர்னின் டாஷ்போர்டே எழுதிக் காட்டும். அதை அப்படியே நகலெடுத்து, அந்த விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் ஒட்டிவிடுங்கள். ஸ்டீம்விஆரின் ஓபன்விஆர் முறைக்காக எழுதப்பட்ட பழைய விளையாட்டுகளை, வைவர்னுக்குப் புரியும் பொது முறையான ஓபன்எக்ஸ்ஆருக்கு மாற்றித் தரும் எக்ஸ்ரைசரும் (xrizer) வைவர்னின் ஃப்ளாட்பேக்குடனேயே வந்துவிடுகிறது.

விநாடிக்கு எவ்வளவு தரவு அனுப்புவது என்பதைக் குறிக்கும் பிட்ரேட்டை 50 மெகாபிட்டில் தொடங்கி, காட்சி தடுமாறும் வரை சிறிது சிறிதாக உயர்த்தி, தடுமாறிய இடத்திலிருந்து ஒரு படி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். காட்சியைச் சுருக்கும் வேலையை கிராஃபிக்ஸ் அட்டையே செய்ய வேண்டும்: என்விடியா அட்டையில் என்வென்க் (NVENC) வழியாக, ஏஎம்டி, இன்டெல் அட்டைகளில் வா-ஏபிஐ (VA-API) வழியாக. அது தவறிக் கணினியின் மையச் செயலகத்தின் (சிபியு) தலையில் விழுந்தால் விசிறிச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். மெட்டாவின் க்வெஸ்ட் 3 ஹெட்செட் வைத்திருப்போர், தங்கள் கிராஃபிக்ஸ் அட்டையும் இடம்கொடுத்தால், ஏவி1 என்ற சுருக்கும் முறையை முயலலாம். க்வெஸ்ட் 2-க்கு எச்.265 முறை போதும்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்துத் தூண்களை ஹெட்செட்டின் எல்லைக்கோட்டுக்கு வெளியே விடுங்கள். தாழ்வான உத்தரத்தில் தொங்கும் மின்விசிறியை அந்தக் கோடு காட்டாது என்பதால், வாள் வீசும் ஆட்டமானால் அதை நிறுத்திவிட்டே தொடங்க வேண்டும். ஐப்பசிப் புழுக்கத்தில் லென்ஸில் ஆவி படியும், அதற்கு டேபிள் ஃபேனைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். முற்றத்து வெயிலிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஹெட்செட்டின் லென்ஸ் பூதக்கண்ணாடி போலச் சூரிய ஒளியைக் குவித்து உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும், அதற்கு அதிக நேரமும் பிடிக்காது. கழற்றியதும் லென்ஸ் பக்கத்தைத் துணியால் மூடி அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.