சுத்தாமலே தேயும் பேரிங்

போன வருஷம் என் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளின் (முன்னும் பின்னும் அதிர்வு தாங்கும் அமைப்பு உள்ளது) பின்பக்க மூட்டில் இருந்த பேரிங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு பேரிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை விரலில் மாட்டித் திருப்பினார். கொஞ்சம் ஓடி, ஓரிடத்தில் சிக்கி நின்றது.

"எந்த மோட்டாருதுங்க தம்பி?"

"மோட்டார் இல்லீங்ணா, சைக்கிளுது. சக்கரத்துல இல்ல, ஃபிரேம் மடங்குற எடத்துல."

"அட, சுத்தாமயே போயிருக்குது பாருங்க!"

கிண்டலாகத்தான் சொன்னார், ஆனால் விஷயமே அதுதான். சாதாரண மோட்டாரின் பேரிங் நிமிஷத்துக்கு 1,440 சுற்று சுற்றும். குண்டுகள் பாதை முழுக்க ஓடுவதால் தேய்மானம் பரவலாக விழும், கிரீஸும் திரும்பத் திரும்ப வந்து பூசிக்கொள்ளும். சஸ்பென்ஷன் மூட்டு அப்படியில்லை. சில பாகை முன்னே, சில பாகை பின்னே, தொட்டில் மாதிரி ஆடும், அவ்வளவுதான். ஒவ்வொரு குண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அங்கேயே குத்தும். அங்கிருக்கும் கிரீஸ் ஓரம் ஒதுங்கிவிடும். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் துருப்பிடித்துக் குழி விழும்.

நம் ஊரில் பம்பும் மோட்டாரும் தெரியாத ஆள் கிடையாது. தொல்லை தொடங்குவதே அந்த அறிவில்தான், நானும் தப்பவில்லை. மோட்டார் பேரிங்கில் கிரீஸை மூன்றில் ஒரு பங்கு வைத்தால் போதும், அடைத்தால் சூடேறும் என்பார்கள். மோட்டாருக்கு அது சரி. ஆடிக்கொண்டே இருக்கும் மூட்டில் சூடேற என்ன இருக்கிறது? காலி இடம் விட்டால் தண்ணீர்தான் குடியேறும். புது பேரிங்கின் ரப்பர் மூடியை ஊசி முனையால் மெல்ல நெம்பி, தண்ணீரில் கரையாத கிரீஸை முழுக்க அடைத்து மூடுங்கள்.

வாங்கும்போதும் அளவை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். 6902 என்றால் உள்ளே 15, வெளியே 28, அகலம் 7 மில்லிமீட்டர். அந்த எண்ணில் இரும்பு மூடி போட்டதும் கிடைக்கும், ரப்பர் சீல் வைத்ததும் கிடைக்கும். பல்லடம் பக்கத்துக் காற்றுக்காலப் புழுதிக்கு இரும்பு மூடி தாங்காது. குண்டுகளைப் பிரித்து வைக்கும் கூடு இல்லாமல், நெருக்கி அடுக்கிய பேரிங்கும் உண்டு. வேகத்துக்கு அது உதவாது, பாரம் நன்றாகத் தாங்கும். சில ஃபிரேம்களில் கம்பெனியே அதைத்தான் போட்டிருக்கும். அங்கே சாதாரண பேரிங் வைத்தால் சீக்கிரமே போய்விடும்.

அடுத்தது வாட்டர் சர்வீஸ். வால்பாறை மழையில் ஓட்டிவிட்டு, 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அப்படியே பைக் கழுவும் கடையில் நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பீச்சாங்குழலின் அழுத்தத்துக்கு ரப்பர் சீல் வழிவிட்டுவிடும். வாளித் தண்ணீர், பிரஷ், பழைய துணி போதும். கழுவாமல் விடுவதும் தப்பு. செம்மண் காய்ந்து, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒட்டிக்கொண்டால், ஒவ்வொரு அமுங்கலுக்கும் அதன் ரப்பர் சீலை அரம் போல அராவும்.

சத்தம் வந்தவுடன் போல்ட்டை இன்னொரு சுற்று இறுக்குவது எல்லோரும் செய்வது. இறுக்கினால் சத்தம் நிற்கும், பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் (இறுக்கும் விசையின் அளவு) என்று பெரும்பாலும் போல்ட் தலையிலோ கையேட்டிலோ இருக்கும். அந்த அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள். புது பேரிங்கைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். உள்வளையத்தில் ஒரு அடி விழுந்தாலும் பாதையில் பள்ளம் விழும். வெளிவளையத்தில் மட்டும் உட்காரும்படி ஒரு புஷ்ஷை (குட்டி உருளை வளையத்தை) லேத்துக்காரரிடம் கடைந்து வாங்கி, நீள போல்ட்டும் நட்டும் போட்டு மெதுவாக இழுத்து இறக்கலாம். இந்த வேலைக்கு நம் ஊரைப் போல வசதியான ஊர் வேறில்லை.

பின்பக்க ஷாக் அப்சார்பர், ஃபோர்க் இரண்டின் சர்வீஸ் கணக்கு கிலோமீட்டரில் வராது, ஓட்டிய மணி நேரத்தில் வரும். ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஃபோர்க்கின் கீழ்க்கால்களுக்கு (கீழ்ப்பகுதிக் குழாய்களுக்கு) 50 மணி நேரத்துக்கு ஒரு முறை சர்வீஸ், ஃபாக்ஸ் கம்பெனி ஷாக்குக்கு 125 மணி அல்லது ஒரு வருஷம். வாரம் நான்கு மணி ஓட்டினாலே 50 மணி மூன்று மாதத்தில் வந்துவிடும்.

"இத்தனை மூட்டு வைத்த ஃபிரேம் நம்ம பக்கம் தாங்குமா, ஒரே மூட்டு உள்ளது வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்கள். நாலு கம்பி இணைப்போ, டிடபிள்யூ லிங்க்கோ (இரண்டும் பல மூட்டு வைத்த பின்பக்க சஸ்பென்ஷன் வகைகள்), மூட்டு கூடினால் பேரிங் செலவு கூடும். அதற்காக அது நோஞ்சான் வடிவமைப்பு ஆகிவிடாது. நான் பயப்படுவது போல்ட்டுக்கு. பேரிங்கைக் கடைவீதியில் பிடித்துவிடலாம். அந்த மாடலுக்கென்றே கடைந்த மூட்டு போல்ட் மழுங்கினால் வாரக்கணக்கில் சைக்கிள் சுவரில்தான் சாய்ந்திருக்கும். சைக்கிள் வாங்கும் அன்றே ஒரு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். அது கிடைக்காத மாடல் என்றால் ஒரே மூட்டு சைக்கிளே மேல்.

மாதம் ஒரு முறை சீட்டைப் பிடித்து மெல்லத் தூக்கி இறக்குங்கள். 'டொக்' என்றால் ஒவ்வொரு மூட்டின் இடுக்கிலும் விரல் வைத்துப் பாருங்கள், ஆடுவது கையில் தெரியும். மழைக்காலம் முடிந்ததும் பின்சக்கரத்தையும் ஷாக்கின் ஒரு பக்க போல்ட்டையும் கழற்றிவிட்டுப் பின்ஃபிரேமைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். வழவழவென்று போக வேண்டும். நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் சொரசொரப்பாகச் சிக்கினால் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு எந்த கிரீஸ் போட்டும் பயனில்லை, பேரிங்கை மாற்றத்தான் வேண்டும்.