இணையத்தில் எடுத்த சூத்திரம் சாட்சிக் கூண்டில் நிற்குமா? தடயவியல் மருத்துவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்பகமான தளமா?" என்று மட்டும் பார்ப்பது போதாது. குறுக்கு விசாரணையில் கேட்கப்படுவது தளத்தின் பெயரல்ல, அந்த எண் எங்கிருந்து வந்தது என்பதுதான்.

மூலக் கட்டுரையைப் படிக்காமல் இணையக் கணிப்பானை நம்புவதே மிகப் பெரிய தவறு. இறந்து எவ்வளவு நேரமாயிற்று என்று கணிக்க, கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் திரவத்தின் பொட்டாசியத்தை அளப்பார்கள். அது லிட்டருக்கு 10 மில்லிமோல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டர்னரின் 1963 சூத்திரப்படி (7.14 × பொட்டாசியம் − 39.1) இறந்து சுமார் 32 மணி நேரம். மாடேயா குழுவின் 1989 சூத்திரப்படி (5.26 × பொட்டாசியம் − 30.9) 22 மணி நேரம்கூட ஆகவில்லை. மாதிரி ஒன்றுதான், ஆனால் பத்து மணி நேர வித்தியாசம்! எந்தச் சூத்திரம் என்று சொல்லாத கணிப்பானை மூடிவிடுங்கள். உடல் வெப்பத்தை வைத்துக் கணிக்கும் ஹென்ஸ்கே முறையிலும், சாதகமான சூழலிலேயே 95% பிழை வரம்பு ±2.8 மணி நேரம். வரம்பைச் சொல்லாமல் ஒற்றை எண்ணைத் தரும் பக்கம் பயன்படாது.

மருந்துகளின் நச்சு அளவு அட்டவணைகளிலும் இதே சிக்கல். பல அட்டவணைகள் உயிருள்ளவர்களின் பிளாஸ்மாவை வைத்துத் தயாரானவை. டிகாக்சின், அமிட்ரிப்டிலின் போன்றவை இறந்தபின் திசுக்களிலிருந்து கசிந்து இதய இரத்தத்தில் கூடிவிடும். அட்டவணை எந்த இரத்தத்துக்கானது, உங்கள் மாதிரி தொடைச் சிரையில் எடுத்ததா என்று பார்க்காமல் ஒப்பிட்டால் சாதாரண சிகிச்சை அளவும் விஷமாகத் தெரியும்.

"பப்மெடில் (மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளம்) இருக்கிறதே" என்பதும் வாதமல்ல. பப்மெட் முழுவதும் மெட்லைன் (தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு) அல்ல. ஆய்வுக்கு நிதி தருவோரின் விதிகளுக்காகச் சேர்க்கப்பட்ட தரமற்ற இதழ்க் கட்டுரைகளும் அதில் வரும். இதழ் மெட்லைனில் சேர்ந்ததா என்பதை என்.எல்.எம். (அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம்) கேட்டலாக்கில் பார்க்கலாம். தேடும்போது 'போஸ்ட்மார்ட்டம் சேஞ்சஸ்' என்ற மெஷ் சொல்லோடு (கட்டுரைகளுக்கு அந்நூலகம் இடும் பொருள் குறி) சாதாரணச் சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள். மெட்லைனில் சேராத இதழ்க் கட்டுரைகளுக்கு மெஷ் குறி இருக்காது.

முன்பே தரவிறக்கிய பிடிஎஃப், கட்டுரை திரும்பப் பெறப்பட்டதைச் சொல்லாது. அறிக்கையில் கையெழுத்திடும் முன் பப்மெட் பக்கத்தையும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தையும் பாருங்கள். வழிகாட்டிகளும் பழசாகும்: சித்திரவதையை ஆவணப்படுத்தும் இஸ்தான்புல் நெறிமுறைக்கு 2022 பதிப்பும், சட்டவிரோத மரணங்களை விசாரிக்கும் மின்னசோட்டா நெறிமுறைக்கு 2016 திருத்தமும் உண்டு.

செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோளின் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய அடையாள எண்) டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். எண் உண்மையாக இருந்தும் திறப்பது வேறு கட்டுரையாக இருக்கலாம். தலைப்பும் ஆசிரியர் பெயரும் பொருந்த வேண்டும். பிறகு அந்தப் பிடிஎஃபையும் பார்த்த தேதியையும் வழக்குக் கோப்பிலேயே வையுங்கள்.