எழுத்துரு அழகாக இருந்தால் போதுமா? தமிழ் அச்சுக்குக் குறியேற்றம் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் புத்தகம் போடுகிறவர்களுக்குத் தூக்கம் கிடையாது. புத்தகக் காட்சி தொடங்குவதற்குள் மறுபதிப்புகளை முடித்தாக வேண்டும். திருவல்லிக்கேணி, இராயப்பேட்டைச் சந்துகளில் இருக்கும் டிடிபி கடைகளில் அப்போது அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “பழைய ஃபைல் பத்திரமா இருக்கு தம்பி, மின்னூலா மாத்திடலாம்.” “எந்த ஃபாண்ட்ல அடிச்சது சார்?” “அது யாருக்குத் தெரியும்?” கோப்பைத் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சிதறிக் கிடக்கும்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. அதில் தமிழ் முதலிலிருந்தே இல்லை, அவ்வளவுதான்.

எல்லாத் தவறுக்கும் மூலம் இதுதான்: எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் குறியேற்றத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்வது குறியேற்றம். அந்த எண்ணுக்கு என்ன உருவம் என்று வரைந்து காட்டுவது எழுத்துரு. ஆளுக்கொரு எழுத்துரு பிடிக்கலாம், தப்பில்லை. ஆளுக்கொரு எண் வரிசை வைத்துக்கொண்டால்தான் வம்பு.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் ‘தமிழ்’ என்று அச்சாகும் சொல், கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் இருக்கிறது. சின்ன ஜே இருந்தால் ‘த’, பெரிய ஜே இருந்தால் ‘து’. இப்போது வேர்டில் வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதி செயலில் இருந்தால் என்ன ஆகும்? வாக்கியம் தொடங்கும் இடத்தில் ‘தமிழ்’ சத்தமில்லாமல் ‘துமிழ்’ ஆகிவிடும். வேர்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அதன் கண்ணுக்கு அது ஆங்கிலம். அதே காரணத்தால் வரிக் கடைசியில் ஆங்கில முறைப்படி சொல்லை வெட்டும், எழுத்துப் பிழை என்று சிவப்புக் கோடு போடும், மேற்கோள் குறி இருந்த இடத்தில் வளைந்த குறியைப் போட்டு அங்கிருந்த எழுத்தையே மாற்றிவிடும்.

இன்னும் கொடுமை காற்புள்ளி. பாமினியில் ‘இ’ இருப்பது காற்புள்ளியின் இடத்தில். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டுச் சீராக்குகிறேன் என்று யாராவது மொத்தமாகத் தேடி மாற்றினால் ‘இந்த’ எல்லாம் ‘இ ந்த’ ஆகிவிடும். அரைப்புள்ளியில் கை வைத்தால் புத்தகத்தில் ஒரு மெய்யெழுத்துக்கும் புள்ளி மிஞ்சாது.

ஆனாலும் பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி போன்றவை வந்த காலத்தில் வேறு வழி இல்லை. கணினிக்குத் தமிழே தெரியாத நாளில் அவை தமிழில் அச்சடித்துக் கொடுத்தன. அந்த நன்றி வேறு, இன்று புதிதாகத் தொடங்கும் புத்தகத்தை அவற்றில் அடிப்பது வேறு.

ஒவ்வொன்றின் எண் வரிசையும் தனி என்பதை மறந்துவிடக் கூடாது. வானவிலில் அடித்ததற்குப் பாமினியைப் போட்டால் தமிழ் எழுத்து வரும், தமிழ்ச் சொல் வராது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் இணையத்தில் கூடிப் பேசியவர்கள் டிஸ்கி என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு தரங்கள் வந்தன. டாம் தமிழுக்கு மட்டும், டாப் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து. அவற்றிலும் சிக்கல் இருந்தது. டிஸ்கியில் ‘இ’ உட்கார்ந்திருந்த 173ஆம் இடத்தைப் பல மென்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் கோடாகவே நடத்தின. எழுத்து காணாமல் போகும். அப்புறம் 1.7 பதிப்பில் இகரத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று. மொத்தமே இருந்த 256 எண் இடங்களுக்குள் ஆங்கிலத்தையும் தமிழையும் நெருக்கினால் இப்படித்தான் யாராவது ஒருவர் கால் யாராவது ஒருவர் மேல் படும்.

சரி, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியேற்றமான யூனிகோடுக்கு வந்துவிடுகிறோம். அடுத்த தவறு அங்கே காத்திருக்கிறது. “யூனிகோடு அச்சுக்கு ஒத்துவராது சார், கொம்பு பின்னால போயிடும்” என்று இன்றும் சொல்லும் கடைகள் உண்டு. அவர்கள் பார்த்தது பொய்யில்லை, காரணம்தான் வேறு. யூனிகோடில் ‘கெ’ என்றால் முதலில் ‘க’, அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைவது, எழுத்துருவுக்குள் இருக்கும் விதிகளைப் படித்து எழுத்துகளைக் கோத்துத் தரும் மென்பொருளின் வேலை. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன, பக்கம் அமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்கு இந்த வேலையே தெரியாது. அதில் யூனிகோடைக் கொட்டிவிட்டு யூனிகோடைத் திட்டுவது நியாயமில்லை.

பக்கம் அமைக்கும் இன்னொரு மென்பொருளான இன்டிசைனில் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்பிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது. ஆனால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்பதை நாமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால்தான் நிற்கும், ‘கொ’ மூன்று துண்டாகச் சிதறும். ஃபோட்டோஷாப்பிலும் இதே கதை. நகரத்தில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பேனர்களில் தலைவர் பெயரில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தனியே தொங்கினாலோ, புள்ளி பக்கத்து எழுத்தின் மேல் ஏறியிருந்தாலோ, பெரும்பாலும் இந்த ஒரு சொடுக்கை விட்டிருப்பார்கள். லிப்ரேஆபீஸில் இந்தத் தொல்லை கிடையாது. டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஸீடெக் வகையில் கவலைப்பட வேண்டாம். லுவாடெக் வகையில் மட்டும் எழுத்துகளைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது நல்லது.

இதற்கு நடுவில் டேஸ் 16 என்று ஒன்று இருக்கிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் 16 பிட் குறியேற்றம் அது. கோத்துத் தரும் வேலையே தேவைப்படாததால் பழைய அச்சு மென்பொருள்கள் சிலவற்றிலும் ஓடும். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு மாற்றாக டேஸ் 16ஐயும் ஏற்றது. ‘மாற்றாக’ என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டேஸ் 16 உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப் பயன்பாட்டுப் பகுதியில். அங்கே யாரும் எதையும் வைத்துக்கொள்ளலாம், அதனால் உங்கள் கணினிக்கு வெளியே அதற்குப் பொருள் கிடையாது. கைப்பேசியில் கட்டம் கட்டமாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. அச்சுக்கு அனுப்பும் கடைசிக் கட்டத்தில் மட்டும் அதற்கு மாற்றிக்கொண்டு, மூலப் பிரதியை யூனிகோடிலேயே வைத்திருந்தால் ஒரு குறையும் இல்லை. மூலப் பிரதியையே டேஸில் வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

இப்போது மாற்றும் வேலை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒட்டுமொத்தமாக எடுத்து, வெறும் உரையாக ஒட்டி, பொத்தானை அழுத்துகிறார்கள். அங்கேதான் அடி விழுகிறது. வெறும் உரையில் எழுத்துருத் தகவல் போய்விடும். எது தமிழுக்கான ஆங்கிலக் குறி, எது உண்மையான ஆங்கிலம் என்று கருவிக்குத் தெரியாது. பாமினி என்று சொல்லி மாற்றினால், ஆங்கிலத்தில் அடித்திருந்த ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல் ‘உழஅிரவநச’ என்று வெளியே வரும். மின்னஞ்சல் முகவரிகளின் கதியும் அதுவே. ஆங்கிலப் பகுதிகளை முதலில் அடையாளம் போட்டுப் பிரித்துவிட்டு, தலைப்புக்கு வேறு எழுத்துரு பயன்படுத்தியிருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றிய பிறகு கண்ணால் பார்த்துத் திருப்திப்படுவது அடுத்த தவறு. சில பிழைகள் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

‘அவர்’ என்ற சொல்லைப் பாருங்கள். இப்போது ‘அவா்’ என்ற இதைப் பாருங்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவதில் இருப்பது ரகர மெய் இல்லை, துணைக்காலுக்கு மேல் புள்ளி. பழைய எழுத்துருக்களில் இரண்டுக்கும் உருவம் ஒன்றாக இருந்ததால் தட்டச்சர்கள் கைக்கு எளிதானதை அடித்தார்கள். காகிதத்தில் வித்தியாசம் இல்லை. யூனிகோடுக்கு வந்தபின் ‘அவர்’ என்று தேடினால் அந்த வரி அகப்படாது, கைப்பேசி படித்துக் காட்டினால் உளறும். துணைக்காலை அடுத்துப் புள்ளி வருவது தமிழில் எங்குமே கிடையாது. ஆகவே அந்த இணையைத் தேடி எல்லாவற்றையும் ‘ர்’ என்று மாற்றிவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை.

ஔகாரம் அப்படி இல்லை. ‘ஔவையார்’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘ஒளவையார்’ ஆக்கியிருப்பார்கள். கோபாலபுரம் பக்கம் போகும் ஔவை சண்முகம் சாலையின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள், எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். ‘கௌரி’க்கும் ‘கெளரி’க்கும் இதே பிணக்கு. இதை மொத்தமாகத் தேடி மாற்றக் கூடாது. ‘ஒளி’, ‘கெளுத்தி’ எல்லாம் நல்ல சொற்கள், அவையும் சேர்ந்து நாசமாகும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் ஏழு என்ற தமிழ் எண் ‘௭’ வந்து உட்கார்ந்திருப்பதும், ‘க’வுக்குப் பதில் ஒன்று என்ற ‘௧’ இருப்பதும் உண்டு.

இன்னொன்று பிழையே இல்லாத குழப்பம். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைப்பது ஒன்று, கொம்பையும் காலையும் தனித்தனியே வைப்பது மற்றொன்று. தரத்தின்படி இரண்டும் சமம். ஆனால் சோம்பேறித்தனமாக எழுதப்பட்ட தேடல் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. முழுப் பிரதியையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் பிரச்சினை முடிந்தது.

சொல்லடைவு போடுகிறவர்கள் அகர வரிசையை எண் வரிசையிடம் ஒப்படைக்கக் கூடாது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் இலக்கண வரிசையில் இல்லை. கலம், கவண், கழல், களம், கறி, கனி என்று வர வேண்டியவற்றை வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் கனி, கறி, கலம், களம், கழல், கவண் என்று வரும். தமிழுக்கான வரிசை விதிகளைப் பயன்படுத்தும் மென்பொருளில் அடுக்குங்கள்.

சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கிறவர்கள் உறவினர் முகவரிகளை எக்செல்லில் கொண்டுவருவார்கள். அதைக் காற்புள்ளிக் கோப்பாக (சிஎஸ்வி) சேமிக்கும்போது, யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் பெயர்கள் போச்சு. திறக்கும்போது வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால் அந்தக் கோப்பில் தமிழ் செத்துவிட்டது, மூலத்தைத்தான் மறுபடி கேட்க வேண்டும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் குறியும் மாறி மாறி வந்தால் உயிர் இருக்கிறது, கோப்பைத் தவறான குறியேற்றத்தில் திறந்திருக்கிறீர்கள். அப்படியே சேமித்துவிடாமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பெயர்கள் வந்துவிடும்.

யூனிகோடு எழுத்துரு என்று அட்டையில் போட்டிருந்தால் எல்லா எழுத்தும் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். ‘ஶ’ 2005இல்தான் யூனிகோடுக்குள் வந்தது, ‘ௐ’ 2008இல். பழைய பின்னங்களும் நில அளவைக் குறிகளும் 2019இல் தனிப் பகுதியாகச் சேர்ந்தன, அவற்றை வைத்திருக்கும் எழுத்துருக்கள் மிகக் குறைவு. கல்வெட்டு, பழைய கணக்கு நூல் என்று வேலை எடுப்பவர்கள் விலை பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் ஸ்ரீ, க்ஷௌ, ணௌ, றொ, நூ, ஃ, ௹ என்று ஒரு வரி அடித்து, கூடவே சில இலக்கங்களையும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்து, அச்சுக்குப் போகும் அதே மென்பொருளில் பிடிஎஃப் எடுத்துப் பார்த்தால் போதும்.

1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களை அந்தக்கால ‘ணை’, ‘லை’, ‘னா’ வடிவங்களோடு மறுபதிப்பு செய்ய ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நல்ல ஆசைதான். அதற்காக அந்த உருவங்களைத் தனிப் பயன்பாட்டுப் பகுதியில் ஒளித்து வைத்து அடிக்கக் கூடாது. சீர்திருத்தத்தில் மாறியது உருவம், எழுத்து மாறவில்லை. எண் அதேதான் இருக்க வேண்டும், பழைய உருவத்தை வரையும் எழுத்துருவைத் தேடிப் போடுங்கள்.

கடைசியாகக் கடைக்காரரிடமிருந்து என்ன வாங்குவது? பதிப்பாளர்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கையில் வந்ததும் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பிடிஎஃப் அச்சு இயந்திரத்துக்குப் போதும். அதிலிருந்து உரையை நகலெடுத்தால் யூனிகோடு எழுத்துருவில்கூடக் கொம்புகள் இடம் மாறி வரலாம், பழைய எழுத்துரு என்றால் சொல்லவே வேண்டாம். பக்கம் அமைத்த கோப்பு, எழுத்துருக் கோப்பு, கடைசித் திருத்தம் வரை ஏற்றிய யூனிகோடு உரை ஆகிய மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றாவதைத் தர இழுத்தடிப்பார்கள். மெய்ப்புத் திருத்தங்கள் பக்கம் அமைத்த கோப்பில் மட்டும் ஏறியிருக்கும், அதை மீண்டும் உரையாக எடுத்துத் தருவது கூடுதல் வேலை. அதற்கான கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள்.