பாரிஸ் நகர மாளிகையை எப்படிப் பார்ப்பது

பாரிஸ் மெட்ரோவில் 1-ம் தடமும் 11-ம் தடமும் சந்திக்கும் நிலையத்தின் பெயர் 'ஓத்தெல் த வீல்'. தங்கும் ஓட்டல் என்று நினைத்துவிடாதீர்கள், அது நகரத்தின் மாளிகை, மேயர் உட்காரும் இடம். மதியத்துக்கு மேல் போங்கள். முகப்பு மேற்கு பார்த்தது, சிற்பங்களின் மேல் வெயில் நன்றாக விழுவது அப்போதுதான்.

வெளியே வந்ததும் நேரே கட்டடத்தை ஒட்டிப் போய் நிற்க வேண்டாம். சதுக்கத்தின் எதிர்க்கோடிக்குப் போய் முழுசாகப் பாருங்கள். கடிகாரமும் மணிக்கூண்டும் உள்ள நடுப்பகுதியில் இருப்பது 16-ம் நூற்றாண்டு முகம். 1533-ல் முதலாம் பிரான்சுவா மன்னர் காலத்தில் இத்தாலியரான பொக்கதோர் வரைந்த கட்டடம் அது, வேலை முடிய 1628 ஆனது. இரண்டு பக்கமும் நீளும் இறக்கைகள் 19-ம் நூற்றாண்டில் இடம் போதாமல் சேர்த்தவை.

ஆனால் நீங்கள் பார்க்கும் கல் எதுவும் 1533-ஐச் சேர்ந்ததல்ல, இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் இந்தக் கட்டடம் புரியும். 1871 மே 24 அன்று, பாரிஸைக் கைப்பற்றி ஆண்ட 'பாரிஸ் கம்யூன்' என்ற புரட்சி அரசு வீழ்ந்துகொண்டிருந்த வாரத்தில், கம்யூன்காரர்களே மாளிகைக்குத் தீ வைத்தார்கள். கட்டடத்தோடு நூலகமும் ஆவணங்களும் போயின. ஊர்க்காரர்களின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளும் இங்கேதான் இருந்தன, அவற்றின் இன்னொரு நகல் நீதிமன்றத்தில் இருந்தது, அதே நாளில் அதுவும் எரிந்தது. 1860-க்கு முந்தைய சுமார் 80 லட்சம் பதிவுகளில் பிற்பாடு மூன்றில் ஒரு பங்கைத்தான் வேறு சான்றுகளை வைத்து மீட்க முடிந்தது. இன்றும் பாரிஸில் பூட்டன் பாட்டன் பெயரைத் தேடுகிறவர்கள் அந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அந்தக் கல் போனதைவிட இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

பல்யூ, தெபெர்த் என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் 1874 முதல் 1882 வரை திரும்பக் கட்டினார்கள். வெளியே பழைய சாயல், உள்ளே அந்தக் காலக் குடியரசின் ஆடம்பரம். இப்போது கிட்டே வாருங்கள். சுவர் மாடங்களில் நிற்பவர்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பாரிஸின் புகழ்பெற்ற மனிதர்கள். கணித மேதை தலாம்பேரின் சிலையைச் செய்தவர் சிற்பி ரொதேன், அப்போது அவர் இன்னும் பெரிய பெயர் எடுக்கவில்லை.

சரி, அப்புறம் திரும்பிச் சதுக்கத்தையும் பாருங்கள். இதன் பழைய பெயர் 'கிரேவ்', ஆற்றங்கரை மணல்மேடு என்று பொருள். படகில் சரக்கு வந்து இறங்கிய துறை அது, கூலி வேலை தேடுகிறவர்கள் இங்கே வந்து கூடுவார்கள், வேலைநிறுத்தத்துக்கான பிரெஞ்சுச் சொல்லும் இதிலிருந்து வந்ததுதான். கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரம் முதன்முதலில் ஓர் ஆளின் தலையை வெட்டியதும் இதே இடத்தில், 1792 ஏப்ரல் 25 அன்று.

சேன் ஆற்றுப் பக்கத் தோட்டத்தில் குதிரை மேல் இருப்பவர் எத்தியேன் மர்செல். வணிகர்களின் தலைவராக 1357-ல் இங்கிருந்த 'தூண் வீட்டை' நகரத்துக்காக வாங்கியவர், நகர நிர்வாகம் இந்த இடத்துக்கு வந்ததே அவரால்தான்.

உள்ளே போக ஆசை இருந்தால் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் வரும் பாரம்பரிய நாட்களைக் குறிவைத்துப் பயணத்தைத் திட்டமிடுங்கள். விழா மண்டபத்தையும் பெரிய படிக்கட்டையும் பார்க்க அதுதான் நல்ல வாய்ப்பு, வரிசை நீளமாக இருக்கும், காலையிலேயே போய் நின்றுவிடுங்கள்.