வலி நின்ற மறுநாளே பழைய எடையைத் தொடாதீர்கள்: உடற்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

அண்மையில் பயிற்சிக்கூடத்தில் ஒரு பெண்மணி என்னிடம் மகிழ்ச்சியோடு வந்து, முழங்கால் வலி அறவே நின்றுவிட்டது என்றார். மூன்று வாரங்கள் முழு ஓய்வில் இருந்துவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். நான் வேறொருவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள், மூன்று வாரங்களுக்கு முன் எந்த எடையில் விட்டாரோ அதே எடையைத் தோளில் ஏற்றி உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார். அடுத்த வாரமே மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஏனெனில் இதே பிழையை நான் ஒரே ஆண்டில் மூன்று முறை செய்தவன்.

பொருந்தாத காலணி, போதாத தண்ணீர், உடலைச் சூடேற்றாமல் தொடங்குவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்; தெரிந்தேதான் செய்கிறார்கள். சரியாகத்தான் செய்கிறோம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படும் தவறுகளே என் கவலை.

வலி நின்றதைக் குணமடைந்ததாக எண்ணுவது

எனக்கு வந்தது குதிநாணில். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் அந்தத் தடித்த நாண், காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் விறைத்து நோகும். பத்து நிமிடம் ஓடினால் நோவு மறைந்துவிடும். அந்த மறைவுதான் என்னை ஏமாற்றியது. ஓட ஓடச் சரியாகிறது என்று நினைத்து ஓடினேன். மறுநாள் காலையில் விறைப்பு இன்னும் சற்றுக் கூடியிருக்கும். தாங்க முடியாத கட்டத்தில் இரண்டு வாரம் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தேன். வலி முழுதாக நின்றது. மூன்றாவது வாரம் பழையபடி எட்டுக் கிலோமீட்டர் ஓடினேன். நான்காவது நாள் மீண்டும் அதே விறைப்பு, முன்னைவிடக் கடுமையாக. ஓய்வு, நிம்மதி, ஓட்டம், வலி என்ற இந்தச் சுழற்சியில் பதினான்கு மாதங்கள் போயின.

ஓய்வு வலியைத் தணிக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே ஓய்வு, அந்த நாண் தாங்கக்கூடிய சுமையின் அளவையும் சேர்த்தே குறைக்கிறது. வலி தொடங்கிய நாளில் அது எவ்வளவு தாங்கியதோ அதைவிடக் குறைவாகத் தாங்கும் நிலையில், முன்பு தாங்காமல் போன அதே சுமையை அதன்மேல் ஏற்றுகிறோம். போதாக்குறைக்குத் தசையும் மூச்சுத்திறனும் சில வாரங்களில் மீண்டுவிடுகின்றன. நாண் மீள மாதங்கள் ஆகின்றன. ஆகவே "உடம்பு தயார்" என்று நமக்குத் தோன்றுவது தசையின் குரலே தவிர, நாணின் குரல் அன்று.

நாண் எவ்வளவு மந்தமானது என்பதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. 1955 முதல் 1963 வரை நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் பெருகியது. அந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அதன் தடம் தங்கிவிட்டது. டென்மார்க் ஆய்வாளர்கள் அந்தத் தடத்தைக் கொண்டு குதிநாணின் வயதைக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். நாணின் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவாகிவிடுகிறது என்றும், அதன்பின் அது புதுப்பிக்கப்படுவது மிகமிகக் குறைவு என்றும் தெரிந்தது. அப்படிப்பட்ட ஒன்று இரண்டு வாரத்தில் புதிதாகிவிடும் என்று எதிர்பார்த்தவன் நான்.

இன்னொன்றும் உண்டு. கடும் பயிற்சிக்குப் பின் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை நாணுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் கட்டப்படுவதைவிடச் சிதைவதே மிகுதி. கட்டும் வேலை அதற்குப் பிறகுதான் மேலோங்குகிறது. எனவே நோயுற்ற நாணுக்கு நாள்தோறும் கடுஞ்சுமை கொடுப்பது, சுவர் காய்வதற்குள் அடுத்த வரிசைக் கல்லை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் என்ன செய்வது? விடை ஓய்வில் இல்லை, அளந்து கொடுக்கும் சுமையில் இருக்கிறது. சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த 15 ஓட்டக்காரர்களுக்கு ஒரே ஒரு பயிற்சி தரப்பட்டது: படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. முழங்கால் நீட்டியபடி 15 தடவையாக மூன்று சுற்று, மடக்கியபடி மூன்று சுற்று, நாளுக்கு இருமுறை, 12 வாரங்கள். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். நாள்தோறும் செய்யும் இந்த முறைக்குப் பின்னால், ஒருநாள் விட்டு ஒருநாள் கூடுதல் எடையோடு மெதுவாகச் செய்யும் முறையும் ஒப்பான பலன் தந்தது. மேலே சொன்ன காரணத்தால் எனக்கு அதுவே உவப்பு. எந்த முறையாயினும் பன்னிரண்டு வாரம் என்பதில் சலுகை கிடையாது. பெரும்பாலோர் நான்காம் வாரத்தில் வலி தணிந்ததும் கைவிடுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான்.

எடையைக் கூட்டலாமா என்று என்னிடம் கேட்பவர்களை நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: நேற்றுப் பயிற்சி செய்தீர்களே, இன்று காலை முதல் பத்து அடி எப்படி இருந்தது? பயிற்சியின்போது வலிக்கவில்லை என்பது பெரிய செய்தி அன்று. மறுநாள் காலையே உண்மையைச் சொல்லும். பூச்சியம் முதல் பத்து வரையிலான அளவில் ஐந்து வரையிலான வலியை அனுமதித்து வெற்றி கண்ட சிகிச்சைமுறைகள் இருக்கின்றன. நான் மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன், ஏனெனில் ஆர்வம் மிக்கவர்கள் ஐந்தை மூன்று என்றே சொல்வார்கள். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அதே சுமையைத் தொடரலாம். ஒரு வாரம் முழுதும் அப்படியே இருந்தால் சற்றுக் கூட்டலாம். எடை, எண்ணிக்கை, நாட்கள் ஆகிய மூன்றில் ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றையும் மாற்றிவிட்டு வலி வந்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. மூன்று வாரம் விட்டுப்போனவர்களைப் பழைய எடையின் பாதியிலிருந்து தொடங்கவைப்பது என் வழக்கம். முதல் நாள் அது அவமானமாகத் தோன்றும்.

இந்தப் பொறுமை எல்லா வலிக்கும் பொருந்தாது. வெடித்தது போன்ற ஓசையோடு கெண்டைக்காலில் திடீர் வலி வந்து நுனிக்காலில் நிற்க முடியாமற்போதல், மூட்டு வீங்கிச் சூடாக இருத்தல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காலில் மரத்துப்போதல் ஆகியவற்றில் எதுவாயினும் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பயிற்றுநரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உட்கொண்டவர்களும் கவனிக்க வேண்டும்: அவை குதிநாணை அறுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இலேயே கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. மருந்தை முடித்த பிறகும் பல வாரங்களுக்கு அந்த ஆபத்து நீடிக்கலாம்.

வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு வருவது

புகை எச்சரிக்கை மணியைக் கழற்றிவைத்துவிட்டுச் சமைப்பது போன்றது.

உயர் இரத்த அழுத்தத்தோடு மூச்சை அடக்கித் தூக்குவது

1985-இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்கட்டு வீரர்கள் கால்களால் பெரும் எடையைத் தள்ளும்போது அவர்களுடைய கைத் தமனிக்குள் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250, ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. அவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். அதுவும் முடியாத எல்லைவரை தூக்கியவர்கள். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர் அந்த எல்லைக்கே போகாமல், தூக்கும்போது மூச்சை வெளியே விட்டு, இன்னும் மூன்று நான்கு தடவை முடியும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும். அழுத்தம் இருப்பதற்காக எடைப் பயிற்சியையே விட்டுவிடுவது அடுத்த கோடிக்குப் போவதாகும். அளவான எடைப் பயிற்சி நாளடைவில் அழுத்தத்தைக் குறைக்கவே செய்கிறது. ஆனால் ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மேல் அளவு 180-ஐத் தாண்டியிருந்தால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை நம்புவது

அதிகபட்ச நாடித்துடிப்பை அறிய 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்குப் பொருந்தாது. அந்த மருந்துகள் இதயத் துடிப்பு ஏறாமல் தடுத்துவைக்கின்றன. கடிகாரம் 110 என்று காட்ட, "இன்னும் 140-ஐ எட்டவில்லையே" என்று டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், தலைசுற்றி உட்கார்ந்தவரை நான் தாங்கிப் பிடித்திருக்கிறேன். இவர்களுக்கு மிக எளிய அளவுகோல் பேச்சுதான்: வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

சர்க்கரையைப் பயிற்சிக்கு முன் மட்டும் பார்ப்பது

இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுத்துக்கொள்பவர்களுக்கே இந்த எச்சரிக்கை. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை தாழ்வது அரிது. தொடங்கும்போது 90 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்பதைப் பலரும் அறிவார்கள். அவர்கள் அறியாதது, தாழ்வு பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட வரலாம் என்பது. தீர்ந்துபோன சேமிப்பை நிரப்பத் தசைகள் இரவெல்லாம் இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கின்றன. இதற்குள் ஒரு பொறியும் இருக்கிறது: கடுமையான எடைப் பயிற்சியோ குறுகிய வேக ஓட்டமோ முடிந்த உடனே, அட்ரினலின் காரணமாகச் சர்க்கரை ஏறியிருக்கலாம். அதைப் பார்த்துப் பதறிக் கூடுதல் இன்சுலின் போட்டுக்கொள்பவர், இரவில் வரப்போகும் தாழ்வைத் தம் கையாலேயே ஆழமாக்குகிறார். மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்த நாளில் படுக்கும் முன்னும் ஒருமுறை அளந்து பாருங்கள். கூடுதல் இன்சுலினைப் பற்றி உங்கள் மருத்துவரோடு முன்கூட்டியே பேசி வைத்திருங்கள்.

வேகமாக ஓடிவிட்டுச் சட்டென்று நிற்பது

கால்களில் இரத்தம் தேங்கி மயக்கம் வரும். ஐந்து நிமிடம் நடங்கள்.

எலும்பு அடர்த்தி குறைந்த பிறகும் வயிற்றுக்காக முன்குனிந்து எழுவது

தொப்பையைக் குறைப்பதற்கென்று மல்லாந்து படுத்து முதுகை வளைத்து எழும் பயிற்சி தொப்பையைக் குறைப்பதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாதவிடாய் நின்ற பிறகு முதுகெலும்பில் அடர்த்தி இழந்த 59 பெண்களைப் பின்தொடர்ந்து 1984-இல் வெளியான ஆய்வில், முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 விழுக்காட்டினருக்கு முள்ளெலும்பில் புதிய முறிவோ நசுங்கலோ ஏற்பட்டது. பின்னால் நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் அது 16 விழுக்காடுதான். முன்வளைக்கும் குழுவில் இருந்தவர்கள் ஒன்பது பேரே என்பதால் அந்த எண்ணைக் கறாராக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பயிற்சியைத்தான் செய்வேன் என்று அடம்பிடிப்பதற்கும் காரணம் இல்லை. குப்புறப் படுத்து மார்பைச் சிறிதளவே தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை மேலே நகர்த்துவது, கைகால் ஊன்றி நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது ஆகியவை வயிற்றுக்கும் முதுகுக்கும் போதும். தரையில் கிடப்பதை எடுக்கும்போதும் இடுப்பில் மடங்குங்கள், முதுகில் அன்று.