கடற்கரைப் பாதையைத் துண்டு துண்டாக நடப்பது எப்படி?

நெடுந்தூரக் கடற்கரைப் பாதையை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரைப் பாதை 1,014 கி.மீ. அதையே பலர் லீவு கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, வருடக் கணக்கில் நடக்கிறார்கள்.

1. முதலில் வரைபடம். கிலோமீட்டர் பார்த்துத் துண்டு போடாதீர்கள். பஸ்ஸோ ரயிலோ பாதையைத் தொடும் இடங்களை வட்டமிடுங்கள். அடுத்தடுத்த இரண்டு வட்டங்களுக்கு நடுவில் இருப்பதுதான் ஒரு நாள் நடை. புதியவர்களுக்கு 12 கி.மீ. தாராளம்.

2. ஏற்றத்தைக் கணக்கிடுங்கள். கடலோரம்தானே, சமதளமாகத்தான் இருக்கும் என்று நம்பிப் போய் முட்டிவலியோடு திரும்பியவன் நான். மேலே சொன்ன பாதையில் மொத்த ஏற்றம் சுமார் 35,000 மீட்டர். கிட்டத்தட்ட நாலு எவரெஸ்ட். 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்பது 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு. அதில் ஓய்வும் இல்லை, மணலும் இல்லை. நான் ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்வேன்.

3. ஓத அட்டவணை, அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல். இதில் மட்டும் சோம்பல் கூடாது. பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை நீர் ஏறும். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்று 9 மணிக்குக் கடந்தோமே என்று இன்றும் 9 மணிக்குப் போய் நிற்காதீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் இன்னும் மேலே வரும். இருபுறமும் பாறை நீட்டிக்கொண்டிருக்கும் குடாவில் கூடுதல் கவனம் தேவை: நடுவில் மணல் காய்ந்தே கிடக்கும், ஆனால் இரண்டு முனைகளிலும் தண்ணீர் வந்து வழி அடைபட்டிருக்கும். மேலே சொன்ன பாதை டெவன் பகுதியில் எர்ம் ஆற்றைக் கடக்கும் இடத்தில் பாலமும் இல்லை, படகும் இல்லை. நீர் நன்றாக வற்றும் நேரத்துக்கு ஒரு மணி முன்பின்னாகத்தான் இறங்கிக் கடக்க முடியும்.

4. வண்டி இருந்தால் முடிவிடத்தில் நிறுத்திவிட்டு, பஸ்ஸில் தொடக்கத்துக்குப் போங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்காது.

5. மணலில் குதிகால் புதைந்தால் இன்னும் கடல் பக்கம் நகருங்கள். ஈரமணல் கெட்டியாக இருக்கும். சரிவான கரையில் ஒரே கால் தாழ்ந்து இடுப்பு பிடித்துக்கொள்ளும், அப்போது மேலே ஏறிவிடுவது மேல். காலுறையில் மணல் உறுத்தியதும் நின்று உதறுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கொப்புளம்தான்.

6. நிறுத்திய இடத்தில் வழிகாட்டிப் பலகையை ஒரு படம் எடுத்துவையுங்கள். அடுத்த முறை அதே பலகையிலிருந்துதான் தொடக்கம்.