வயிற்றுப்பிடிப்பு மாத்திரை போட்டால் நெஞ்சு ஏன் எரிகிறது?

செங்கோட்டை, பிரானூர் பார்டர் பக்கம் ராத்திரி பொரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு வயிறு பிடித்துக்கொண்டால், மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போடுவது வழக்கம். வலி அடங்கும், பிறகு புளிச்ச ஏப்பம் கிளம்பும். பழி பொரோட்டா மேல் விழும். மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு.

முதலில் அட்டையின் பின்பக்கம் பாருங்கள். டைசைக்ளோமைன் அல்லது ஹையோசின் என்றிருந்தால், அது குடல் தசையைத் தளர்த்தும் மருந்து. ஆனால் குடலோடு நிற்காது. உணவுக்குழாயின் அடியில் அமிலம் மேலே வராமல் இறுக்கிப் பிடிக்கும் வளையத்தசையும் தளரலாம். இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். வாயும் உலரும், மேலேறிய அமிலத்தைக் கழுவி இறக்குவது உமிழ்நீர்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை. உணவுக்குழாயில் அமிலப்புண் இருப்பவர்களுக்கு டைசைக்ளோமைன் கூடாது என்று அதன் மருந்துக்குறிப்பிலேயே உண்டு. மெஃப்டால் ஸ்பாஸில் 10 மி.கி. டைசைக்ளோமைனோடு 250 மி.கி. மெஃபனமிக் ஆசிட் என்ற வலிநிவாரணியும் சேர்ந்திருக்கிறது. அது இரைப்பையைத் தனியாகவும் புண்ணாக்கும். வெறும் வயிற்றில் போடவே வேண்டாம்.

நெஞ்செரிச்சலுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் இரண்டு இடத்தில் தவறுவார்கள். அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலோடு டொம்பெரிடோன் சேர்ந்த மாத்திரை இரைப்பையை வேகமாகக் காலியாக்கப் பார்க்கும். டைசைக்ளோமைன் அதையே தடுக்கும். ஒன்றுக்கொன்று எதிர்வேலை. ஜெலுசில் போன்ற அமிலமுறி மருந்தைக் கூடவே குடித்தால் பிடிப்பு மாத்திரை உடலில் சேருவது குறையலாம்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

டாக்டர் போடச் சொன்னால், அன்றைக்குச் சாப்பாட்டைப் பாதியாக்குங்கள். எண்ணெய், கட்டன்சாயா (பால் சேர்க்காத டீ) வேண்டாம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் படுக்காதீர்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. உயரத்துக்குக் கட்டை கொடுத்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அமுங்கும், எரிச்சல் கூடும். பிடிப்பு அடிக்கடி வந்தால் மெபெவெரின் என்ற வேறொரு பிடிப்பு மருந்து சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்; வாய் உலர்வது அதில் குறைவு.

கிளாக்கோமா (கண் நீர் அழுத்த நோய்), சிறுநீர் அடைப்பு உள்ளவர்களுக்கும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் டைசைக்ளோமைன் கொடுக்கவே கூடாது. எரிச்சலோடு வியர்வை, இடது கை வலி, மூச்சுத்திணறல் இருந்தால் மெடிக்கலுக்குப் போகாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.